அன்னதானக் குழுவினருக்கு: சாம்பாரில் பருப்பைக் கூட்டுங்கள்

சிங்கப்பூர்க் கோயில்களில் அன்னதானம் நடத்தும் குழுவினருக்கும், மூத்தோருக்கு மதிய உணவு சமைக்கும் தொண்டர்களுக்கும் உணவியலாளர்கள் சிலர் எழுதும் மடல். வணக்கம்.

உங்கள் பந்தியிலிருந்து யாரும் அரை வயிற்றோடு எழுவதில்லை. குறை புரதத்தில்தான். 200 பேருக்கு 3 கிலோ துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 15 கிராம். அதில் புரதம் 3 கிராம் சொச்சம். 300 கிராம் சோற்றில் 8, பொரியலில் 2. எல்லாம் சேர்த்து 13 கிராம். 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் வேண்டும். வேளைக்கு 20க்குக் குறையாமல் இருப்பது நல்லது. காலையில் ரொட்டியும் தேத்தண்ணீரும், இரவில் இரண்டு இட்லியும் என்று இருப்பவருக்கு மதியச் சாப்பாட்டை விட்டால் வேறு வழியில்லை. புரதம் குறைந்தால் தசை கரையும். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது அந்தத் தசைதான். 2016இல் அரசு நீரிழிவு மீது போர் தொடுத்த ஊர் இது. சீனர்களைவிட இந்தியர்களிடம் அந்நோய் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

செலவு பெரிதாக ஏறாது. பருப்பை 6 கிலோ ஆக்குங்கள்: ஆளுக்கு 6.6 கிராம் புரதம். கொண்டைக்கடலைச் சுண்டல், காய்ந்த கணக்கில் ஆளுக்கு 30 கிராம்: இன்னொரு 6. கெட்டித் தயிர் 100 கிராம்: 3.5. சோற்றை 200 கிராமுக்குக் குறைத்தாலும் மொத்தம் 23 தாண்டும். புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் கந்தகம் உள்ளவை குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஈரச்சந்தையில் கிடைக்கும் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 50 கிராம் சேர்த்தால் மேலும் 9 கிராம். தெம்பே நமக்கு எதற்கு என்பவர்கள் ஒருமுறை மிளகு போட்டு வறுத்துப் பார்க்கட்டும்.

பரிமாறும் வரிசையையும் மாற்றுங்கள். தட்டேந்தி வருபவருக்கு முதல் அண்டாவில் இருப்பது சோறு. தட்டு அதிலேயே நிரம்பிவிடுகிறது. சுண்டலும் பொரியலும் முன்னே வரட்டும், சோறு கடைசியில். காயும் புரதமும் முதலில் உள்ளே போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், ஜிஎல்பி-1 என்னும் குடல் ஹார்மோன் சுரக்கும், சர்க்கரை ஏற்றம் தணியும்.

“கடலை வாயு” என்ற புகார் நியாயமானதே. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம் குடலில் இல்லை. பெருங்குடல் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகிறது. கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். நம் ஊர் வெக்கையில் இரவெல்லாம் வெளியே வைத்தால் நுரைத்துப் புளிக்கும், குளிர்பெட்டி நல்லது. ஆப்பச்சோடாவை அள்ளிப் போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமின் அழியும். பெருங்காயம் மணத்துக்குச் சரி. தண்ணீரைக் கொட்டாத குறையை அது தீர்க்காது. அளவை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும்.

அதே பாக்டீரியா நார்ச்சத்திலிருந்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலத்தையும் தருகிறது. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முதன்மை உணவு. நாருக்குத் தட்டுப்பாடு வந்தால் பாக்டீரியா செரிக்காத புரதத்தின் பக்கம் திரும்பி, அம்மோனியாவையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் உண்டாக்கும். புரத மாவை வாங்கிக் கரைத்துக் கொடுக்காமல் பருப்பைக் கூட்டச் சொல்வது இதனால்தான்.

ராஜ்மா சமைப்பவர்கள் கவனிக்க: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டாக வேண்டும். மிதமான சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேரே போட்டால் அதிலுள்ள லெக்டின் நச்சு அழியாது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

சிறுநீரக நோய்க்காகப் புரதத்தைக் குறைக்குமாறு மருத்துவர் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கேட்டால் பாதிக் கரண்டி சாம்பார் ஊற்றுங்கள், சுண்டலை வற்புறுத்தாதீர்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் புதுமுறையைத் தொடங்கினால் வரிசை குழம்பிவிடும். அதற்கு முன் ஒரு சாதாரண நாளில், 200 கிராம் சோறு பிடிக்கும் கிண்ணம் எதுவென்று தராசில் நிறுத்துப் பார்த்து, பரிமாறுபவர் எல்லாருக்கும் அதையே கொடுத்துவிடுங்கள்.