தம்பிக்கு, உன்ர ஹொக்கி பாக் என்னட்ட இருக்கு

தம்பி,

வீடு வித்தாச்சு. சித்தி உனக்குச் சொல்லியிருப்பா, அதால விலை என்ன, ஆர் வாங்கினது எண்டெல்லாம் எழுதேல்ல. அப்பாவின்ர செத்தவீட்டைப் பற்றியும் எழுதேல்ல, ஆர் நிண்டது ஆர் நிக்கேல்ல எண்டு எங்க ரெண்டுபேருக்கும் தெரியும், மற்றாக்களுக்குத் தெரியத் தேவையில்லை. நீ என்ர ஃபோன் எடுக்கிறேல்ல ஆனா இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறனி எண்டு உன்ர வீட்டு ஆள் ஒருத்தி சொன்னவள் (அவளோட சண்டை பிடிக்காத), அதான் இஞ்ச எழுதுறன். உனக்குத் தமிழ் வாசிக்க வருமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு, வரும், அப்பா ஞாயிற்றுக்கிழமையில மட்ச் பாக்க விடாமல் பிடிச்சு வைச்சுப் படிப்பிச்சவர்.

பேஸ்மென்ற்றைத் துப்பரவாக்கேக்க ஃபர்னஸுக்குப் பின்னால உன்ர பாக் இருந்துது. இருக்கும் எண்டு தெரியும். 2025 மே கடைசியில காட்டுத்தீ வந்து, கனடாவில மனிற்றோபாவில எங்கட சுரங்க ஊரான ஃபிளின் ஃபிளொனில இருந்த அஞ்சாயிரம் சனத்தையும் வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு அப்பா கார்ல ஏத்தினது இன்சுலினும் அம்மாவின்ர படமும் இந்த பாக்கும் தான், பாஸ்போட்டைக் கூட மேசையில விட்டிட்டு வந்தவர். பத்தாம் நம்பர் ஹைவேயில புகைக்குள்ளால ஓடி தி பா எண்ட ஊருக்கு வந்து எனக்கு ஃபோன் அடிச்சுக் கேட்ட முதல் கேள்வி, "விற்னி ஃபோரம் எரிஞ்சிடுமோ பிள்ளை?" அது எங்கட ஊர் ஐஸ் ஹொக்கி அரங்கு. வீட்டைப் பற்றி ஒரு கதை இல்லை. ஊர் தப்பினது, டெனேர் பீச் பக்கம் தான் கனவீடு போச்சு. திரும்பிப் போனவுடன அந்த பாக்கை அதே இடத்தில கொண்டுபோய் வைச்சிருக்கிறார் மனிசன்.

ஐஸில நடக்கவே பயந்த ஆள். சிங்க் பிளான்ற்றில வேலை செய்த கிழட்டு வெள்ளைக்காரரோட இருந்து இருந்து எங்கட ஊர் ஜூனியர் ஹொக்கி ரீம் பொம்பேர்ஸின்ர கதை முழுக்கப் பாடமாக்கினவர், 1957ல மெமோரியல் கப் பைனல் ஏழாவது மட்ச்சுக்குப் போய் ரெஜைனாவில வைச்சு ஒட்டாவாக்காரரை அடிச்ச கதையை தான் நேரில பாத்த மாதிரிச் சொல்லுவார். ஒரு சுரங்க ஊர்ப் பெடியள், கனடா முழுக்க இருந்த ஜூனியர் ரீமுகளுக்கு மேல! 1978ல ரீமை எட்மன்ரனுக்குக் கொண்டுபோனது, பிறகு 1984ல சஸ்காச்சுவான் லீக்கில பொம்பேர்ஸ் எண்ட பேரில திரும்ப வந்து நிண்டது, இதையெல்லாம் சொல்லேக்க அவற்ற குரல் ஊரை விட்டு வெளிக்கிட்ட கதை சொல்லுற குரலா மாறிடும், கவனிச்சனியோ தெரியாது.

ஆனா அவருக்கு உயிர், பொம்பேர்ஸில விளையாடி என்எச்எல் எண்ட பெரிய லீக்குக்குப் போன பொபி கிளார்க் தான். ரெண்டுபேருக்கும் சீனி வருத்தம் எல்லே. ஃபிளின் ஃபிளொன் சுரங்கத்தில வேலை செய்த ஆளின்ர மகன், 1967-68 சீசனில 59 மட்ச்சில 168 பொயின்ற், அப்பிடிப்பட்டவனை 1969ல, என்எச்எல் ரீமுகள் புது ஆக்களைத் தெரிவுசெய்யிற டிராஃப்ட்டில, 17வதாத் தான் எடுத்தவை. கோச் பாட் ஜினெல் அமெரிக்காவில மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், இவன் விளையாடலாம் எண்டு டொக்டர்மாரைச் சொல்ல வைச்சும் ரீமுகாரருக்குப் பயம். கடைசியா எடுத்த பிலடெல்ஃபியாவும் முதல் ரவுண்டில வேற ஆளைத் தான் எடுத்தது. பிறகு அவன் கப்டனா நிண்டு 1974லயும் 75லயும் ஸ்ரான்லி கப் தூக்கினான். அப்பா இதைச் சொல்லி முடிச்சிட்டுத் தான் ஊசி போடுவார்.

நீ அந்தக் கதையை அம்மாவுக்கு எதிராத் திருப்பினனி. "அவையும் உங்களை மாதிரித் தான் பயந்தவை" எண்டு.

அந்தக் கிழமைக்குத் தான் வாறன். 2018 ஏப்ரல். ஹம்போல்ட் ஜூனியர் ஹொக்கி ரீம் பெடியளின்ர பஸ் ட்ரக்கோட மோதினது. உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, 16 பேர் செத்து 13 பேர் காயம், அந்த பஸ்ஸில காயப்படாமல் இறங்கின ஒராளும் இல்லை. எங்கட லீக், அவை போனது நிப்பவினுக்கு, பொம்பேர்ஸும் பஸ்ஸில போற ஊர். நாடு முழுக்கச் சனம் வாசலில ஹொக்கி ஸ்ரிக் வைச்சுது. நீயும் வைச்சனி, பல்பையும் போட்டு விட்டிட்டுப் படுக்கப் போட்டாய். அம்மாவுக்கு விளங்கேல்ல. பெடியன் மறந்துபோய் வெளியில விட்டிட்டான், பனியில பழுதாப் போகும் எண்டு உள்ளுக்க எடுத்து, சாமிப்படத்துக்குப் பக்கத்தில சாத்தி வைச்சிட்டா. விடிய எழும்பி நீ கத்தின கத்து. அம்மா கையில தோசைக்கரண்டியோட அப்பிடியே நிண்டவ. நான் தான் அவவுக்கு என்ன விஷயம் எண்டு விளங்கப்படுத்தினனான், செத்தவன் வீட்டுக்கு வரேக்க எடுக்கட்டும் எண்டு வைக்கிறதாம் எண்டு. அவ ஒண்டும் கதைக்கேல்ல. ஸ்ரிக்கைத் தானே கொண்டுபோய் வாசலில வைச்சா, சேலைத் தலைப்பால துடைச்சுப்போட்டு. உள்ள வந்து என்ர கையைப் பிடிச்சு, "இவனை அந்த பஸ்ஸில ஏத்தாத பிள்ளை" எண்டா. அவ்வளவுதான்.

(அந்த ட்ரக் ஓட்டின பெடியனும் எங்களை மாதிரி வெளியில இருந்து வந்தவன் எண்டு தெரிஞ்சாப் பிறகு நான் வேலை செய்த கோப்பிக்கடையில சிலபேர் கதைச்ச கதை இருக்கு. இப்பவும் அந்த ஊரில எனக்குச் சிநேகிதர் இருக்கினம், அதால விடுறன்.)

அந்த வருஷம் பொம்பேர்ஸுக்கு ஆள் எடுக்கிற ட்ரை அவுட் காம்ப்புக்கு நான் ஒன்லைன்ல பதிஞ்சு காசு கட்டுறன் எண்டு சொன்னனான். இடம் முடிஞ்சுது எண்டு பிறகு சொன்னனான். இடம் முடியேல்ல. நான் பதியவே இல்லை. நீ தந்த காசு, கடைக்கு முன்னால பனி தள்ளிச் சேர்த்த காசு, அதை நான் வேறொண்டுக்குச் செலவழிக்கேல்ல, சத்தியமா, உன்ர பேரில பாங்கில போட்டனான், உன்ர முதல் செமெஸ்ரர் புத்தகக் காசு அதுதான். உனக்கு இப்ப கோவம் வரும். வரட்டும்.

மன்னிச்சுக்கொள் எண்டு எழுதி ரெண்டுதரம் அழிச்சிட்டன். ஏனெண்டா திரும்ப அந்த நாள் வந்தாலும் நான் பதியமாட்டன் போல கிடக்கு. பொம்பேர்ஸ் மட்ச்சுக்குப் போற எஸ்ரெவன் அமெரிக்க எல்லையில கிடக்குது, அவ்வளவு தூரம், மாசிப் பனியில, ராவு ராவா. கிளார்க்கின்ர வருத்தம் அவன்ர உடம்புக்குள்ள இருந்தது, ஊசி அவன்ர கையில. பஸ் உன்ர கையிலயோ? இன்னொண்டும் இருக்கு, நீ எடுபட்டிருப்பியோ எண்டே எனக்குத் தெரியாது, எடுபடாமல் விட்டிருந்தா நீ ரெண்டு கிழமை அழுதிட்டு விட்டிருப்பாய். அதை உன்னட்ட இருந்து பறிச்சது தான் என்ர நெஞ்சில நிக்குது, மற்றது இல்லை.

ஆனா விடிய அஞ்சு மணிக்கு மைனஸ் முப்பதில உன்னைப் பிராக்ரிஸுக்குக் கொண்டுபோய் இறக்கினது ஆர் எண்டு ஒருக்காலும் உனக்கு ஞாபகம் வந்ததில்லை. அப்பாவுக்குக் கால்விரல் எடுக்கேக்க நீ எங்க நிண்டனி? சரி, விடு.

அம்மா ஒரேயொருக்கா பிளேஓஃப் பாக்க வந்தவ எல்லே, வெள்ளிக்கிழமை விரதத்தோட. பொம்பேர்ஸ் கோல் அடிக்க, சனம் வழக்கமா எறியிற மாதிரி, மயிரோட குளம்போட ஒரு மூஸ் (பெரிய மான்) கால் ஐஸில வந்து விழுந்துது, "முருகா" எண்டு கண்ணைப் பொத்தினவ. அடுத்த பீரியட்டில மெதுவா என்ர காதுக்க, "இன்னும் ஒரு காலும் எறியேல்லையோ?" நீ அண்டைக்குச் சிரிச்ச சிரிப்பு எனக்கு இப்பவும் கேக்குது.

பாக்குக்குள்ள ஒரு ஸ்கேற் தான் கிடக்கு, பிளேட் துருப்பிடிச்சிட்டுது. ஜேர்ஸியை அப்பா தோய்ச்சு மடிச்சு வைச்சிருக்கிறார், மற்றதுகள் நாறுது. வின்னிபெக்கில என்ர கராஜ்ல வைச்சிருக்கிறன். நீ வந்து எடுக்கிறியோ, இல்லாட்டி நான் பஸ்ஸில போட்டு விடட்டோ எண்டு சித்தியிட்டயாவது சொல்லிவிடு.

அக்கா