காற்றாடி சுற்றினால் விமானப் புகை கரையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சுற்றுலா இணைப்பில், விமானப் புகைக்கு ஈடாக வேறெங்கோ புகையைக் குறைக்கும் திட்டத்துக்கு டிக்கெட்டோடு சேர்த்துக் கொஞ்சம் பணம் கட்டிவிட்டால் விமானப் பயணத்தால் "சுற்றுச்சூழலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருட வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனசு கேட்கவில்லை.

நானும் அதை நம்பியவன்தான். போன வருடம் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது அந்தக் கட்டத்தை டிக் செய்து பணம் கட்டினேன். மின்னஞ்சலில் வந்த சான்றிதழைத் திறந்தால், என் பணம் போன இடம் திருப்பூர் மாவட்டக் காற்றாலைத் திட்டம் என்று இருந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே தெரிகிற காற்றாடிகள்!

உடுமலைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 26 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். 2005 வாக்கில் எங்கள் மில்லும் காற்றாலை போட்டது. முதல் வருடமே விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியை மிச்சம் பிடிக்கலாம், ஈபி பில்லும் குறையும், அதற்காகத்தான் போட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் ஓடவிடாவிட்டால் அந்த வருடம் பாதித் தேய்மானம்தான் என்பதால், மழையில் கிரேன் சேற்றில் சிக்கிய அன்று முதலாளி ராத்திரி முழுக்கக் குடையோடு அங்கேயே நின்றார். கார்பன் என்ற பேச்சே அப்போது இல்லை. அப்புறம் ஒரு ஆலோசகர் வந்து, கார்பன் பணம், அதாவது புகையைக் குறைத்ததற்காக வெளியார் தரும் பணம், வராவிட்டால் இந்தத் திட்டம் கட்டுப்படியாகாது என்று ஒரு கணக்குத் தயாரித்தார். அதற்கான தாள்களை நகல் எடுத்துக் கொடுத்தவன் நான். கட்டுப்படியாகும் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

காற்றாலையைக் குறை சொல்லவில்லை, அது நல்லதுதான். ஆனால் எப்படியும் சுற்றப்போகிற காற்றாடிக்கு நான் பணம் கொடுத்தால் எந்தப் புகை குறையும்? விமானத்தில் ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வருகிறது, அதில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே கிடக்கும். அது மட்டும் நிஜம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஐரோப்பிய ஆணையத்துக்காக 2016-ல் செய்த ஆய்வு, கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தின் கீழ் வந்த இத்தகைய திட்டங்களில் தான் எடுத்துப் பார்த்தவற்றில் 85 சதவீதம், சொன்ன அளவுக்குப் புகையைக் கூடுதலாகக் குறைத்திருக்க வாய்ப்பு குறைவு என்றது. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், மரம் நட்டு ஈடு செய்யலாம் என்ற கேஎல்எம் விமான நிறுவனத்தின் விளம்பரங்கள் மக்களைத் தவறாக எண்ண வைக்கின்றன என்று தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் ஏன், பக்கத்துக் கர்நாடகாவில் கோல்ட்ப்ளே இசைக்குழுவின் பெயரில் ஈடாக வைத்த மாங்கன்றுகளில் நிறைய தண்ணீரில்லாமல் பட்டுப்போன கதை 2006-லேயே பிரிட்டிஷ் பத்திரிகையில் வந்துவிட்டதே.

உங்கள் பத்திரிகையில் ஜூன் 5-ம் தேதி மரக்கன்று நடும் படம் வருடா வருடம் வருகிறது. ஆடிக் காற்றில் அந்தக் குழியில் கன்று நிற்கிறதா என்று ஒரு வருடமாவது யாரையாவது அனுப்பினீர்களா? எங்கள் ஊர் சாலை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதியதை நான்கு வரியாக்கிப் போட்டீர்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். கோவை ரயிலில் படுக்கை கிடைக்காமல் விமானத்துக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதிய கடிதம் வரவே இல்லை. பறப்பதைக் குறைக்க வழி கேட்டால் இடமில்லை, பறந்துகொண்டே பாவம் தொலைக்க முழுப் பக்கம்.

அடுத்த ஞாயிறு அதே இணைப்பில், அந்த வரி தவறு என்று ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். இனி இப்படி எழுதும்போது பணம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது, அது எந்த வருடம் ஆரம்பித்தது என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் கணக்கர்,
உடுமலைப்பேட்டை