பெயர் மோதினால் நிறுத்த வேண்டும், மேலெழுதக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சேர்க்கை முடிந்ததும் முதலாண்டு மாணவர்களுக்கு லாகின் போடுவது எங்கள் அறையின் வேலை. நம் பக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்துதானே இனிஷியல்? முருகன் மகனும் மாரியப்பன் மகனும் ஆங்கிலத்தில் ஒரே ‘கார்த்திக்.எம்’ ஆகிவிடுகிறார்கள்.

இரண்டாவது கார்த்திக்கைச் சேர்க்கப்போனால், லாகின் பட்டியலை வைத்திருக்கும் டைரக்டரி சர்வர் மறுக்கும். அந்தச் சர்வரோடு மென்பொருள்கள் பேசும் எல்டாப் (LDAP) முறையில் அதற்குப் பிழை எண் 68. அந்தப் பெயரில் ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்று பொருள். சர்வர் சரியாக இருப்பதால்தான் இந்தப் பிழை வருகிறது. எங்களுக்கு மென்பொருள் செய்துகொடுத்தவர்களோ, 68 வந்தால் பழைய பதிவின் மேலேயே புதிய விவரங்களை எழுதும்படி வைத்திருந்தார்கள். இறுதியாண்டு மாணவி ஒருவரின் பாஸ்வேர்டு மாறியது. அவருக்கு வந்த வேலை நேர்காணல் அழைப்பை முதலாண்டுப் பெண் திறந்து படித்துவிட்டு, யாருடையது என்று எங்களிடம் வந்து கேட்டாள். நிறுவனத்தாரிடம் கேட்டதற்கு, “எரரே வரக்கூடாதுன்னு காலேஜ்லதானே சொன்னாங்க சார்” என்றார்கள்.

ஜாவா நிரல்மொழியிலும் இதே கதைதான். ஒரு பெயரில் பதிவு போட ‘பைண்ட்’ என்று எழுதினால், பெயர் ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும். ‘ரீபைண்ட்’ என்றால் சத்தமில்லாமல் பழையதை மாற்றிவிடும். அவசரத்தில் இரண்டாவதைப் போட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

இரண்டு வளாகம் உள்ள இடங்களில் இன்னும் சிக்கல். மைக்ரோசாஃப்டின் டைரக்டரி மென்பொருளான ஆக்டிவ் டைரக்டரியில் ஒரே பிரிவுக்குள் ஒரே பெயரை இரண்டு சர்வர்களில் அடுத்தடுத்துச் சேர்த்தால், தகவல் பரிமாறிக்கொள்ளும் முன் இரண்டுமே ஏற்றுக்கொள்ளும். பிறகு பிந்தி வந்தது பெயரை வைத்துக்கொள்ளும். முந்தியதன் பெயரோடு ‘சிஎன்எஃப்’ என்ற எழுத்துகளும் நீண்ட எண்ணும் ஒட்டிக்கொள்ளும். சேர்த்தவர் திரையில் எந்தப் பிழையும் வராது. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

பெயருக்குப் பின்னால் 1, 2 என்று சேர்ப்பதும் உதவாது. ‘2’ஐ விட்டுவிட்டு அனுப்பிய மெயில் இன்னொரு கார்த்திக்குக்குத்தான் போகும். பதிவெண்ணையே லாகினாக வைத்துவிட்டால், திரையில் தெரியும் பெயர் எத்தனை பேருக்கு ஒன்றாக இருந்தாலும் தொல்லையில்லை.

கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் டெண்டரில் இரண்டு வரி சேர்க்கலாம். பெயர் மோதினால் மென்பொருள் நின்று ஆளைக் கேட்க வேண்டும். படிப்பையோ பணியையோ முடித்துப் போனவரின் லாகினை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
கல்லூரி கணினிப் பிரிவு ஊழியர்,
திருநெல்வேலி