வாட்ஸ் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து மோட்டர் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உவர்மலையில் சின்னதாக ஒரு மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் தண்ணீர் பம்ப், கிறைண்டர், ஃபேன் இவைதான் வரும். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்காகக் கியூவில் நின்ற பிறகு நம் ஊரிலும் பற்றரி ஸ்கூட்டர் கூடிவிட்டது, பழைய ஸ்கூட்டரில் பின்சக்கர மோட்டர் பூட்டி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பிரஷ்லெஸ் மோட்டராவது (உள்ளே கரித்துண்டு பிரஷ் இல்லாத, காந்தம் வைத்த மோட்டர்) என் மேசைக்கு வருகிறது. வருவதில் பாதி கருகித்தான் வருகிறது.

போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்தார். அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது வண்டி இழுக்காமல் நின்று புகைந்திருக்கிறது. மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகிய நாற்றம் கடை முழுக்கப் பரவியது, செம்புக் கம்பி தேங்காய்ச் சிரட்டைக் கரி மாதிரி இருந்தது. "1500 வாட்ஸ் என்றுதானே அண்ணை ஒட்டியிருந்தது" என்றார். ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த எண் மேட்டைப் பற்றி எதுவுமே சொல்லாது. மேட்டில் ஏற்றுவது முறுக்கு விசை, நாங்கள் கடையில் டோர்க் என்போம், அது பெட்டியிலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை, விற்றவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

அதே இடத்தில் வாங்கிய அதே மோட்டர் தம்பியின் மச்சானிடம் இருந்தது. அதைக் கழற்றி, என்னிடம் கிடந்த வேறொரு 1500 வாட்ஸ் மோட்டரையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் அளந்தேன். எப்படி அளந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இது பெரிய லாப் வேலை இல்லை என்று வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் என்னிடம் கிடந்த மோட்டர். அச்சை வைஸில் இறுக்கி, ட்ரில்லில் ரப்பர் உருளை மாட்டி ரிம்மில் உரசிச் சுற்றவைத்தேன், பற்றரி கிடையாது. நிமிடத்துக்கு 300 சுற்று வரும்போது மூன்று வயரில் ஏதாவது இரண்டுக்கு நடுவே ஏசி வோல்ட் பார்த்தால் 21.2. உச்ச வோல்ட் வேண்டுமென்றால் அதை 1.414ஆல் பெருக்க வேண்டும், 30 வோல்ட் வருகிறது. அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 10 சுற்று. 9.55 என்பது நிமிடச் சுற்றுக் கணக்கை டோர்க் கணக்காக மாற்றும் மாறாத எண், அதை இந்தப் பத்தால் வகுத்தால் 0.955, ஒரு அம்பியருக்கு அந்த மோட்டர் தரும் டோர்க் அத்தனை நியூட்டன் மீற்றர் (டோர்க்கை அளக்கும் அலகு). சுற்றவைத்தால் வரும் வோல்ட்டும் கரண்ட் கொடுத்தால் வரும் டோர்க்கும் ஒரே காந்தத்தின் வேலை, அதனால்தான் ஒன்றை அளந்தால் மற்றது தெரிகிறது.

கணக்கை நம்பாதவர்களுக்கு மீன் நிறுக்கும் கொக்கித் தராசு இருக்கிறது. ரிம்மில் ஒரு இரும்புக் கம்பியைக் கட்டி, நடு அச்சிலிருந்து சரியாக 50 சென்ரிமீற்றரில் கொக்கியை மாட்டி, இரண்டு வயருக்குள் 10 அம்பியர் டிசி விட்டேன். கரண்ட் விடாமலே சக்கரம் கொஞ்சம் பிடித்துப் பிடித்துத்தான் சுற்றும், அந்த இழுவையை முதலில் நிறுத்துக் கழித்துவிட வேண்டும். சக்கரத்தை மெல்ல நகர்த்தினால் எடை ஏறி இறங்கும், உச்சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது, கணக்கும் அதுதான். மச்சானின் மோட்டரில் அதே 10 அம்பியருக்கு 1 கிலோ 400 கிராம்தான். அம்பியருக்கு 0.7.

அந்த 10 அம்பியர் ஓடும்போதே வயரின் தடையையும் பார்த்துவிடலாம். சாதாரண மீற்றரை ஓம்ஸில் போட்டு இதை அளக்க முடியாது, மீற்றரின் சொந்த வயர் தடையே இந்த அளவுக்கு வந்துவிடும். கரண்ட் போகும் வயர் வேறு, வோல்ட் பார்க்கும் முனை வேறு என்று வைத்துப் பார்த்தால் முதல் மோட்டரில் 1.2 வோல்ட், அதாவது 0.12 ஓம். மற்றதில் 2 வோல்ட், 0.2 ஓம்.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வண்டியும் இரண்டு ஆட்களுமாக 200 கிலோ, பத்தடிக்கு ஓரடி ஏறும் மேடு என்றால் 20 கிலோ இழுவை வேண்டும். 20 சென்ரிமீற்றர் ஆரமுள்ள சக்கரத்தில் அது 39 நியூட்டன் மீற்றர். முதல் மோட்டர் அதை 41 அம்பியரில் தருகிறது, கம்பியில் 200 வாட்ஸ் சூடாகப் போகிறது. மச்சானின் மோட்டருக்கு 56 அம்பியர் வேண்டும், சூடு 620 வாட்ஸ். காற்றுப் புகாத சக்கரத்துக்குள் அயன் பொக்ஸ் சூட்டில் பாதிக்கு மேல். சூடேறச் செம்பின் தடையும் ஏறும், 100 பாகை கூடினால் கிட்டத்தட்ட 40 வீதம், ஆகவே சூடு இன்னும் கூடும். இரண்டின் ஸ்டிக்கரும் ஒன்றுதான் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் கை மோட்டர் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மோட்டர்களில் இருப்பது நியோடைமியம் காந்தம், அதில் சாதாரண ரகம் 80 பாகைக்கு மேல் போனால் பலம் குறையும், ஆறின பிறகும் முழுதாகத் திரும்பாது. கருகிய மோட்டரைப் புதிதாகச் சுற்றி வெளியே பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ட்ரில்லில் சுற்றினால் தெரிந்துவிடும், அதே மொடல் நல்ல மோட்டரில் 30 வோல்ட் வந்த வேகத்தில் இதில் 25தான் வருகிறது, உள்ளே செம்புக் கம்பி சுற்றின எண்ணிக்கையும் அதேதான் என்றால் காந்தம் போய்விட்டது.

ஆகவே உங்கள் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கை. பற்றரி ஸ்கூட்டர், மோட்டர் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் வாட்ஸோடு அம்பியருக்கு எவ்வளவு டோர்க், கம்பித் தடை எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். வெறும் இரண்டு எண்தான், ஒரு வரி. நம் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் படிப்பிக்கிற ஆசிரியர்களும் பிள்ளைகளுக்கு இந்த அளவீட்டை ஒரு நாள் செய்து காட்டலாம், தராசும் ட்ரில்லும் எங்கும் கிடைக்கும். செய்து காட்ட என்னைக் கூப்பிட்டாலும் வருவேன், காசு வேண்டாம்.

தம்பிக்கு என்னிடமிருந்த அந்த முதல் மோட்டரையே பூட்டிக் கொடுத்தேன். பக்க மூடியின் உள்ளே மார்க்கரால் 0.955, 0.12 என்று எழுதி, அளந்த திகதியும் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வைண்டிங் கடைக்காரர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.