கதைக்குக் கீழே கால் பக்கம் விமர்சனத்துக்கும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வாராவாரம் சிறுகதை போடுகிறீர்கள். கதைக்கான இடத்தைப் பத்திரிகைகள் பலவும் குறைத்துக்கொண்டே வரும் நேரத்தில் நீங்கள் விடாமல் போடுவதற்கு முதலில் நன்றி. ஆனால் அடுத்த வாரம் வாசகர் கடிதங்களைப் பார்த்தால் 'கதை அருமை', 'கண் கலங்கிவிட்டது', 'முடிவை எதிர்பார்க்கவே இல்லை' என்று ஒன்றிரண்டு வரிகள்தான் இருக்கின்றன. எழுதியவருக்குச் சந்தோஷமாக இருக்கும், சரி. அடுத்த கதைக்கு உட்காரும்போது அவருக்கு இதனால் என்ன பயன்?

நானும் கதை எழுதுகிறவள். எங்கள் ஊர் நூலகத்தில் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஒருவர் தன் கதையை முன்கூட்டியே நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவார், மற்றவர்கள் படித்துவிட்டு வந்து பேச வேண்டும், எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் குறுக்கே பேசக் கூடாது. வெறுமனே பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது. எந்தப் பத்தியில் கவனம் சிதறியது, ஏன் சிதறியது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டும். இதில் எழுதியவரைவிட, கருத்துச் சொல்கிறவருக்குத்தான் லாபம் அதிகம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நம் கதையில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் எழுதாமல் விட்டதையும் மனது நிரப்பிப் படித்துவிடும். அடுத்தவர் கதையில் அப்படி நடக்காது. மருமகளின் பார்வையில் போய்க்கொண்டிருக்கும் கதை நடுவில் ஒரே ஒரு வரி மாமனாரின் மனதுக்குள் புகுந்து வெளியே வந்தால் சட்டென்று உறுத்தும். படகில் போகிறவரும் வங்கி மேலாளரும் ஒரே மாதிரி பேசினால் காதில் விழும். கதை முடிந்த பிறகும் ஆசிரியர் இரண்டு பத்தி விளக்கிக்கொண்டிருந்தால், 'நமக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாரே' என்று கோபம்கூட வரும். அந்தக் கோபத்தை நிதானமாக, காரணத்தோடு நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்லிப் பழகியவர் தன் கதையின் கடைசிப் பத்தியைத் திரும்பப் படிக்காமல் அனுப்பமாட்டார். நல்ல கதைக்கும் இதே வேலைதான். ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முயன்று பாருங்கள், அது இன்னும் கஷ்டம். எந்தத் தகவலை எங்கே மறைத்து வைத்தார், எந்த வரியில் திறந்து காட்டினார் என்று தேடும்போதுதான் தொழில் கைக்கு வருகிறது.

தமிழில் இது புதிதும் இல்லை. சி.சு. செல்லப்பா சிறுகதைக்காரர், க.நா.சு. நாவலாசிரியர்; இருவருமே விமர்சனத்தைத் தங்கள் வேலையின் ஒரு பகுதியாகத்தான் செய்தார்கள். 1959 ஜனவரியில் செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தபோது அவர் மனதில் முதலாக இருந்தது விமர்சனம். புதுக்கவிதை வேர்விட்டு வளர்ந்ததும் அதே பத்திரிகையில்தான். கறாராகப் பேசுகிற இடத்தில் படைப்பு வாடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் 1970இல் சென்னையில் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' என்ற அமைப்பு. ஒரு மாதத்தில் பத்திரிகைகளில் வந்த கதைகளை எல்லாம் ஒருவர் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் இது என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. ஆண்டு முடிவில் அந்த 12 கதைகளிலிருந்து ஒன்றை இன்னொருவர் தேர்ந்தெடுப்பார். அத்தனை கதைகளையும் வரிசையாகப் படித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கக் காரணம் தேடுகிறவருக்கு அதைவிடப் பெரிய பயிற்சி என்ன இருக்க முடியும்?

இப்போது நூல் வெளியீட்டு விழாக்களில் பொன்னாடையும் பாராட்டுமே நிறைந்திருக்கின்றன. இன்னொரு பக்கம், குத்திக் கிழிப்பதைத்தான் விமர்சனம் என்று சிலர் நினைக்கிறார்கள், எழுதியவரின் சாதி, ஊர், வயது வரை போய்விடுகிறார்கள். புதிதாக எழுத வரும் பெண்கள் ஒரு கதையோடு ஒதுங்கிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டுமே கதையை ஒழுங்காகப் படிக்காததால் வருவது.

அதனால் ஒரு வேண்டுகோள். ஞாயிறு கதைக்குக் கீழே கால் பக்கம் ஒதுக்கி, போன வாரக் கதையைப் பற்றி ஒரு வாசகர் விரிவாக எழுதியதைப் போடுங்கள். கதையின் ஓர் இடத்தையாவது சுட்டிக்காட்டிப் பேச வேண்டும், எழுதியவரைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது என்று இரண்டே நிபந்தனை போதும். உங்களுக்குக் கதை அனுப்புகிறவர்களையே முதலில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கதை எழுதும் வாசகி,
மயிலாடுதுறை