கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்தைப் பற்றி சென்ற இதழில் வாசகர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். பில்லைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பில்லோடு நம் கைக்கு வர வேண்டிய இன்னொன்றை, அதாவது நோயாளிக்கு நடந்ததையும் கொடுத்த சிகிச்சையையும் டாக்டரும் நர்ஸும் எழுதிவைக்கும் கேஸ் ஷீட்டை, யாரும் கேட்பதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு 78 வயது. போன வருடம் நிமோனியா என்று ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். இரவில் உறவினர்கள் கூட இருக்கக் கூடாது என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அம்மாவின் நெற்றியில் ஒரு வீக்கம். இடது காலை அசைக்க முடியவில்லை. "பாத்ரூம்ல லேசா வழுக்கிட்டாங்க, ஒண்ணும் இல்ல" என்றார் டூட்டி டாக்டர். அவர் நகர்ந்ததும் அம்மா மெதுவாகச் சொன்னார்: "நான் பாத்ரூமுக்கே போகலடி. கட்டில்லேர்ந்து விழுந்தேன்."

மன்றாடிக் கேட்ட பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனுக்கு வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை மணிக்கு விழுந்தாங்க? தலையில அடிபட்டதுக்கு ஸ்கேன் எடுத்தாங்களா? ரத்தம் உறையாம இருக்க ஊசி ஏதும் போட்டாங்களா?" எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. கையில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் நிமோனியா குணமாகிவிட்டது, நோயாளி நல்ல நிலையில் போகிறார் என்றுதான் இருந்தது. விழுந்தது பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, கேஸ் ஷீட்டையாவது வாங்குவோம் என்று திரும்பிப் போனேன். "அது ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், கோர்ட் ஆர்டர் இருந்தாத்தான் தருவோம்" என்று வரவேற்பில் சொன்னார்கள். நானும் நம்பி வந்துவிட்டேன். உண்மை அதுவல்ல. மருத்துவர்களின் நடத்தை பற்றி இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த விதிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி கொடுத்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கோர்ட்டுக்கு இதில் வேலையே இல்லை.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, நேரில் கொடுத்துப் பார்த்தேன். வாங்கவில்லை. தபாலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

கடைசியில் கைக்கு வந்த கேஸ் ஷீட்டில் ஒரு பக்கத்தை மறக்க முடியாது. இரவு நர்ஸ் பச்சை மையில் எழுதியிருந்தார்: 2.40-க்கு நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தார், பக்கவாட்டுக் கம்பி உடைந்திருக்கிறது, டாக்டருக்குப் போனில் சொல்லப்பட்டது. அதற்குக் கீழே டாக்டரின் கையெழுத்து, நேரம் 7.15. நாலரை மணி நேரத்துக்கு மேல் யாரும் வந்து பார்க்கவில்லை. இரண்டு மாடிக்கு ஒரே ஆளாக இருந்த அந்தப் பெண்மீது எனக்குத் துளியும் கோபமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தது அவர் ஒருவர்தான்.

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2 வருடத்துக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் காகிதம் இல்லாமல் எதை வைத்துப் பேசுவது? எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல் விட்டதில் பார்வை போனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கண்ணுக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றி அந்தக் குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெற்றோருக்கு எச்சரிக்கை இல்லாததையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. ஒரு காகிதத்தில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் அவ்வளவு பெரிய விஷயம்.

நாங்கள் வழக்குப் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். கேட்டால்தான் கேஸ் ஷீட் நகல் என்றில்லாமல், கடைசி பில்லோடு சேர்த்தே அதையும் கொடுக்கச் சொல்லுங்கள். 72 மணி நேர விதியைத் தமிழில் எழுதி வரவேற்பில் மாட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), சேர்த்த தேதி எழுதினால் போதும், வக்கீல் தேவையில்லை. நர்ஸ் குறிப்புகளும் வேண்டும் என்று மட்டும் தனியாக எழுதுங்கள். எங்களுக்கு முதல் தடவை அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். பக்க எண் விட்டுப்போயிருந்ததைப் பார்த்து, மறுபடியும் போய்க் கேட்ட பிறகுதான் அந்தப் பச்சை மைப் பக்கம் கிடைத்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்