'சான்' போட்டால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானிய நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது பற்றிய சென்ற வாரக் கட்டுரையைப் படித்தால், பெயருக்குப் பின்னால் 'சான்' சேர்த்துவிட்டாலே மரியாதை நிறைவாகிவிடும் என்று தோன்றும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது.

ஆங்கில மடலுக்கு 'சான்' சரி. ஜப்பானிய மொழியில் வெளி நிறுவனத்தாருக்கு எழுதினால், பெயருக்குப் பின்னால் அதைவிட மரியாதை கூடிய 'சாமா'. ஆளைக் குறிப்பிடாமல் துறைக்கே எழுதினால், துறையின் பெயருக்குப் பின்னால் 'ஒன்ச்சூ'. ஒரே முகவரியில் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். நம்மவர்கள் உண்மையில் சறுக்குவது வேறு இடத்தில். 'எங்க மேனேஜர் சொல்லியிருக்காங்க' என்று யாரிடமும் மரியாதையோடுதான் நாம் சொல்வோம். ஜப்பானில் வாடிக்கையாளருக்கு எழுதும்போது, தன் நிறுவனத் தலைவரையே 'சான்' இல்லாமல் வெறும் குடும்பப் பெயரால் குறிக்க வேண்டும். நம் பக்கத்து ஆளை உயர்த்தினால் எதிரில் இருப்பவரைத் தாழ்த்தியதாகிவிடும். அதே தலைவருக்கு அலுவலகத்துக்குள் எழுதும்போது மரியாதை முழுதாக இருக்க வேண்டும். தொடக்க வரியும் மாறும்: வெளியாருக்கு 'ஒசேவா நி நத்தே ஒரிமாசு' (உங்கள் ஆதரவுக்கு நன்றி என்பது போல), உள்ளே 'ஒத்சுகாரேசாமா தேசு' (உங்கள் உழைப்புக்கு நன்றி என்பது போல). பழைய மடலை நகலெடுத்து, பெறுபவர் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேலதிகாரிக்குப் பதில் எழுதும்போது, 'சரி, புரிந்தது' என்பதற்கு 'ர்யோகாய்' வேண்டாம். பலர் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். அதே பொருளில் பணிவாகச் சொல்லும் 'ஷோச்சி' பாதுகாப்பானது.

மறுப்பை ஜப்பானியர்கள் நேராக எழுதுவது அரிது. 'சற்றுச் சிரமம்' என்று வந்தால் பெரும்பாலும் முடியாது என்றே பொருள். நம்மவர்கள் அதைப் பேரத்தின் தொடக்கமாக எண்ணி நினைவூட்டல்களை அனுப்பிக்கொண்டே இருப்பதால் உறவு கசந்துபோகிறது. மாறாக, தயக்கத்தோடு நாம் எழுதும் 'செய்துவிடலாம்' அங்கே வாக்குறுதியாகக் குறித்துக்கொள்ளப்படுகிறது. எல்லாவற்றையும் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நியாயமே இல்லை. இங்கே பணிபுரியும் ஜப்பானிய அதிகாரிகளும் ஆங்கில மடல்களில் 'முடியாது' என்பதைத் தெளிவாக எழுதப் பழக வேண்டும்.

விடை தயாராக இல்லாவிட்டாலும் மடல் வந்த அன்றே 'கிடைத்தது, 12-ம் தேதி மாலைக்குள் பதில் தருகிறோம்' என்று இரண்டு வரி அனுப்புங்கள். அந்தத் தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால், 12-ம் தேதிக்கு முன்பே காரணத்தையும் புதுத் தேதியையும் எழுதிவிடுங்கள்.

– ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர், சென்னை